பன்றிக்கு வளர்ந்த தாடை

என் மகளின் மேல் பல் முரசில், ஈறு என்பார்களே அதில், மூக்கின் இடது துவாரத்துக்கு நேர் கீழே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு எலும்பு இல்லாமல் இருந்தது. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். உதட்டைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே தைத்துவிட்டார்கள். அண்ணத்தை அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில் மூடினார்கள். இந்த எலும்பை மட்டும் அப்போது நிரப்புவதில்லையாம். பாற்பற்கள் விழுந்து, அந்த இடத்து வேட்டைப்பல் இறங்கத் தயாராகும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். பொறுத்திருந்தேன். சொன்னதைச் செய்வது எனக்குப் பழக்கம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது கிரகணத்தன்று அறையை விட்டு வெளியே வராதே என்றார்கள், வரவில்லை. பிள்ளை இப்படிப் பிறந்ததும், அறைக்குள் இருந்து எதையோ வெட்டியிருப்பாய் என்றார்கள். என்னத்தை வெட்டினேன் என்று நானும் கொஞ்சக் காலம் யோசித்தேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் யோசித்த யோசனை அது.

மகளுக்கு எட்டு வயது முடிந்தபின், யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் அவளைத் தொடர்ந்து பார்த்துவந்த சத்திரசிகிச்சை டொக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் காலம் வந்துவிட்டது என்றார். என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண். இடுப்பெலும்பின் விளிம்பில் சிறிய வெட்டு வைத்து, உள்ளே பஞ்சு போல இருக்கும் எலும்பில் ஒரு கரண்டி அளவு எடுத்து, முரசின் இடைவெளிக்குள் வைத்துத் தைப்பார்களாம். அது அங்கே பிடித்து எலும்பாகும். மேலே காத்திருக்கும் வேட்டைப்பல் அந்த எலும்பின் ஊடாகத் தானே இறங்கி வரும். எலும்பு வைக்க முன்பு பல் இறங்கிவிட்டால் அதற்குப் பிடிமானம் இருக்காது. அந்தப் பல்லும் போகும், பக்கத்துப் பல்லும் போகலாம். எல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி, அங்கே வட்டக்கச்சி பஸ்ஸுக்கு மாறி, வீட்டுப் படலையைத் திறக்கும்வரை விளங்கித்தான் இருந்தது.

வீட்டில் எல்லோருக்கும் என்னைவிட அதிகம் விளங்கியது.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டு, பெட்டைப்பிள்ளையின் இடுப்பிலோ என்று கேட்டார். வேறு கேள்வி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பக்கத்து வளவு அக்கா அடுத்த நாளே பிரண்டைத் துவையலோடு வந்தார். எலும்புக்குப் பிரண்டையைப் போல ஒன்றில்லை என்றார். வயிற்றில் இருந்த அத்தனை மாதமும் வளராத எலும்பு, துவையல் வாசத்துக்கு எழும்பி வரும் என்று நம்புகிறவருக்கு என்ன சொல்வது? சட்டியைக் கழுவிக் கொடுத்தேன். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கு அரிக்கிறது என்று ஓடிவிட்டாள். அவளுடைய ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. மற்றவர்களுடையது முடியவில்லை.

கனடாவில் இருக்கும் என் கணவரின் அண்ணாவுக்கு விசயத்தைச் சொன்னவர் மாமிதான். அத்தான் அங்கே வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறார். எதைச் சொன்னாலும் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுவது போலத்தான் சொல்வார். இது குசினி, இது பல்கனி, இது உங்கள் பிள்ளையின் எதிர்காலம். அன்று பின்னேரமே குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பளபளக்கும் ஆய்வுகூடம். நீலக் கையுறை போட்ட கைகள் தாடை வடிவத்தில் செய்த வெள்ளைப் பஞ்சொன்றை இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் இறக்கின. பின்னணியில் வயலின். கடைசியில், முகத்தில் பாதி இல்லாத ஒரு மனிதரின் படத்தில் கோடு கோடாக எலும்பு வளர்ந்து முகம் நிரம்பியது. அது வரைந்த படம். ஆனால் லண்டனும் சுவிஸும் கும்பிட்ட கைகளை அனுப்பின. ஒருவர் கண்ணீர் விடும் முகத்தை அனுப்பினார். என் மகளின் வாயைத் தங்கள் வாழ்நாளில் ஒரு முறையும் திறந்து பார்க்காதவர்கள் அத்தனை பேரும் அன்று என் மகளின் முரசுக்காக உருகினார்கள்.

அத்தான் அழைப்பெடுத்தார். இங்கே எல்லாம் மாறிவிட்டது, எலும்பைப் போத்தலில் வளர்க்கிறார்கள், நீங்கள் இன்னும் பிள்ளையின் இடுப்பைக் கிண்டப் போகிறீர்களா என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்தால் தானே எல்லாவற்றையும் விசாரித்துச் செய்வதாகச் சொன்னார். "ஓம் அத்தான்" என்றேன். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லிவருவது இந்த இரண்டு சொற்களைத்தான்.

டொக்டர் தந்த முதல் திகதி சிறுபோக நெல் அறுவடையோடு, அருவி வெட்டோடு, வந்தது. அருவி வெட்டு முடியட்டும் என்றார் மாமி. மெசின் வந்து ஒரு பகலுக்குள் வெட்டி முடித்துவிட்டுப் போகிற வயல் எங்களுடையது. ஆனால் அருவி வெட்டு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இன்னும் பழைய மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைக்கு என் மகளின் திகதியைப் படைத்தோம்.

இவ்வளவு ஏளனமாக எழுதுகிற எனக்கு அப்போது பயம்தான் இருந்தது. அத்தான் சொல்வது சரியாக இருந்தால்? இப்போது இடுப்பை வெட்டி, அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ வெட்டாமலே எலும்பு வைக்கலாம் என்று வந்தால், பிள்ளை வளர்ந்து என்னைக் கேட்க மாட்டாளா? பொறுத்து, பல் போய்விட்டால் அதற்கும் கேட்பாளே. காலையில் அவள் பல் தீட்டும்போது வாயைத் திறக்கச் சொல்லி முரசைத் தடவிப் பார்ப்பேன். மேலே ஒரு மேடு தட்டுப்படும். நேற்றைவிடக் கீழே இறங்கியிருக்கிறது என்று தோன்றும். பிறகு, இல்லை, என் விரல்தான் பொய் சொல்கிறது என்று தோன்றும். இன்னொரு முறை திற என்பேன். அவள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு என்னை முறைப்பாள்.

அவளுக்கும் அந்த இடைவெளியால் பாடு இருந்தது. முரசுக்கு மேலே மிகச் சின்னதொரு துவாரம், மூக்குக்குப் போகும். எலும்பு வைக்கும்போது அதையும் மூடித் தைப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரோ தேத்தண்ணியோ கவனமில்லாமல் குடித்தால் மூக்கால் ஒரு சொட்டு வரும். நாக்கை மேலே ஒட்டி வைத்து, தலையைக் கொஞ்சம் சரித்துக் குடிக்க அவளே பழகிக்கொண்டாள். சிரிப்பு வந்தால் அந்த வித்தை பலிக்காது. பள்ளிக்கூடத்தில் அவளை யானை என்று கூப்பிட்டார்கள். யானைதானே மூக்கால் தண்ணீர் விடும். அதை அவள் என்னிடம் வந்து சொல்லவில்லை. சிரிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

தவறவிட்ட திகதிக்குப் பிறகு கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தைக் காட்டி, பல்லின் நுனி இடைவெளியின் ஓரத்துக்கு வந்துவிட்டது, அடுத்த திகதியையும் விட்டால் இதைச் செய்வதில் பெரிய பயன் இருக்காது என்றார். நான் அத்தானின் வீடியோவைக் காட்டினேன். காட்டும்போதே வெட்கமாக இருந்தது. அவர் முழுவதையும் பார்த்தார், வயலின் உட்பட.

"இது வரும் அம்மா. சில இடங்களிலை ஆக்களுக்கும் வைச்சுப் பாக்கினம். வந்தால் முதல் சந்தோசப்படுறது நான்தான், எனக்கு வேலை பாதியாக் குறையும்," என்றார். பிறகு என் மகளின் இடுப்பின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினார். "பிள்ளையளைத் தூக்கி இடுப்பிலை வைப்பியள் எல்லே, அந்த விளிம்புதான். உதுக்குள்ளை இருக்கிற உயிர்க்கலங்களுக்கு எலும்பு வளர்க்கத் தெரியும். அந்த வீடியோவிலை அவையள் எலும்பு வளர்க்கப் பழக்கப் பாக்கிறதும் உந்தக் கலங்களைத்தான். ஆனா உங்கடை பிள்ளையின்ரை பல்லு வீடியோ பாக்கிறேல்லை."

அதைக் கேட்டு நான் வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். இடுப்பின் விளிம்பு மட்டும்தான், பிள்ளை பெறுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, எடுத்த இடமும் திரும்ப நிரம்பிவிடும் என்றேன். மாமி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடிந்ததும்தான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"பிள்ளை, முகத்திலை உள்ளது ஊருக்கே தெரியும். அதை ஆரும் குறையாச் சொல்லேலாது, பாத்துத்தான் கேட்டு வருவினம். இடுப்பிலை இருக்கிறது அப்பிடியே? நாளைக்குச் சாமத்தியப்பட்டுத் தண்ணி வார்க்கேக்கை நாலு பொம்பிளையள் காணுவினம். கலியாணம் பேசேக்கை சொல்லாமல் விட்டால் ஏமாத்தினதெண்டு வரும். சொன்னால், இடுப்பிலை ஏதோ வருத்தமெண்டு வரும்."

எங்கள் வீட்டில் நடந்த விஞ்ஞான விவாதம் அத்தனைக்கும் அடியில் இருந்தது இதுதான். மாமிக்கு ஆய்வுகூடத்தில் வளரும் எலும்பின் மேல் எந்த மோகமும் இல்லை. இடுப்பில் அடையாளம் விழாத எலும்பு வேண்டும், அவ்வளவுதான். அது போத்தலில் வளர்ந்தாலும் சரி, பூசணிக்கொடியில் காய்த்தாலும் சரி. இன்னும் பூப்படையாத பிள்ளைக்கு இன்னும் பேசாத கலியாணத்தில், முகம் தெரியாத ஏதோவொரு சம்பந்திக்கு மறைக்காமல் சொல்ல வேண்டுமே என்பதற்காக, எட்டு வயதுப் பிள்ளை தேத்தண்ணியை மூக்கால் விடட்டும். முகம் ஏற்கெனவே பழுதான சாமான், அதில் இனி என்ன இருக்கிறது என்ற கணக்கு. மாமி கெட்டவர் இல்லை. அந்தக் கணக்கை அவர் பாசத்தோடுதான் போட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

குசினி வாசலில் மகள் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவள் சட்டையை இடுப்பில் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இடுப்பு சட்டைக்குள்ளைதானே இருக்கு, அப்பம்மா," என்றாள்.

மாமி, போய் விளையாடு என்றார். மனம் மாறியதாகவும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சைத் தானாக எடுப்பதை விட்டுவிட்டார். இனி அது கனடாவின் பொறுப்பு.

அத்தானின் வீடியோவை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை எல்லோரையும் போல வயலினைத்தான் கேட்டிருந்தேன். இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இடமாக நிறுத்தி, கீழே ஓடும் ஆங்கில எழுத்துக்களை அகராதியோடு வாசித்தேன். ஒரு இடத்தில் உண்மையான தாடை எலும்பை மேசையில் வைத்துக் காட்டினார்கள். மனிதத் தாடைக்கு அது நீளம் அதிகம். எழுத்தை வாசித்தேன். திரும்ப ஒரு முறை வாசித்தேன். அகராதி எல்லாம் தேவைப்படவில்லை. அந்தச் சொல்லைச் சின்ன வகுப்பிலேயே படித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனைச் சுற்றி இருக்க, அத்தான் முகம் காட்டிப் பேசினார். தனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், விசாரிக்கிறேன், அதுவரை அவசரப்படாதீர்கள் என்றார். என் கணவர் வழக்கம் போல அண்ணாவுக்கு முன்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசிவிட்டேன்.

"அத்தான், அந்த வீடியோவிலை எலும்பு வளர்ந்தது ஆருக்கு?"

"ஆருக்கெண்டால்... நோயாளிக்கு."

"பண்டிக்கு, அத்தான். அது பண்டியின்ரை தாடை. கீழை எழுதியிருக்கு."

சிக்னல் போய்விட்டதோ என்று மாமி போனைத் தட்டினார். அப்போதுதான் என் கணவர் சிரித்தார். அந்தப் போகம் முழுக்கப் பன்றி கிண்டாமல் வயலைக் காவல் காத்த மனிதர் அவர்.

"இஞ்சை எங்கடை வயலைக் கிண்டுறதுகளுக்கு இருக்கிற தாடை காணாதெண்டோ அண்ணை, அங்கை புதுசாச் செய்து குடுக்கிறாங்கள்?"

அத்தான் தளரவில்லை. பன்றிக்குச் செய்தால் மனிதருக்கும் செய்வார்கள்தானே, கொஞ்சம் பொறுங்கள் என்றார். செய்வார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் அவரைவிட அதிகம் அதை நம்பினேன், ஏனென்றால் நான் வாசித்திருந்தேன். "பல்லு பொறுக்காது, அத்தான்," என்றேன். ஓம் அத்தான் என்று சொல்லாமல் நான் முடித்த முதல் உரையாடல் அது. மரியாதை தவறிவிட்டேனா, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். பன்றி என்பதை எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் கணவர் சிரித்தாரே தவிர, இடுப்பில் கை வைப்பதில் அவருக்கும் மனம் ஒப்பவில்லை. அடுத்த நாள் முற்றத்தில் காலபோகத்துக்கு விதைநெல் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்து சொன்னேன். ஆய்வுகூடத்து எலும்பு நாற்றுமேடை மாதிரி, வேறு இடத்தில் முளைக்க வைத்துக் கொண்டுவந்து நடுவது. இது எங்கள் வீசி விதைப்பு மாதிரி. எங்கள் வயலில் விளைந்த நெல்லையே எங்கள் வயலில் ஒரு வெறும் துண்டில் விதைப்பது.

அவர் நெல்லை அளைந்துகொண்டே கேட்டார்.

"முளைக்குமோ?"

"அனேகமா முளைக்குமாம்."

"அனேகமா எண்டுதான் ஒவ்வொரு போகமும் விதைக்கிறம்," என்றார். "திகதி எப்ப?"

அந்தத் திகதிக்குப் போனோம். மாமி வரவில்லை, அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஒப்பரேசன் தியேட்டருக்கு வெளியே இருந்தபோது, நான் செய்தது சரியா என்று கேட்க ஒருவரும் இல்லை. பக்கத்தில் இருந்த கணவரைக் கேட்டால் அவர் என்னைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மகளை வாட்டுக்குக் கொண்டுவந்தபோது உதடு வீங்கி, கண் பாதி திறந்து இருந்தது. வாய் நோகுதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டி, கையை இடுப்பில் வைத்துக் காட்டினாள். எனக்கு மாமியின் குரல் காதுக்குள் கேட்டது. டொக்டர் வந்து, இது வழமைதான், எடுத்த இடம்தான் கூடுதலாக நோகும் என்றார். சில நாட்கள் நொண்டினாள். கஞ்சியும் கரைத்த சோறும் குடித்தாள். பிறகு ஒரு காலை, வாய்க்கால் கட்டில் கூட்டாளிகளோடு ஓடினாள். ஓடாதே என்று கத்தப் போய், வாயை மூடிக்கொண்டேன்.

இடுப்பில் இருந்த தழும்பு ஒரு தீப்பெட்டிக் குச்சியின் நீளம்கூட இல்லை. மாமி அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவினார். மறையத்தான் தடவுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் பார்த்தால், வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, பிள்ளையின் சட்டையை விலக்கி அவரே காட்டுகிறார். இதில் எடுத்து வாயில் வைத்தார்கள், யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் எடுத்தது, இப்ப ஓடித் திரியுது பாருங்கோ என்று விளக்கமும் சொல்கிறார். பிரண்டைத் துவையல் அக்காவுக்கு ஒரு முறை காட்டியது போதாமல் இன்னொரு முறையும் காட்டினார். முகம் தெரியாத அந்தச் சம்பந்திக்கு மட்டும்தான் இனிக் காட்ட இருக்கிறது. கடைசியில் மகளே சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, விடுங்கோ அப்பம்மா, நான் என்ன கண்காட்சியோ என்று ஓடினாள்.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பு கறுப்பாக இருந்த இடத்தில் வெள்ளை மூட்டம் போல ஏதோ இருந்தது. அதுதான் எலும்பு என்று டொக்டர் பேனா நுனியால் சுற்றிக் காட்டினார். பல்லின் நுனி அந்த மூட்டத்துக்குள் நுழைந்திருந்தது. நன்றாகத் தெரிகிறது என்றேன். உண்மையில் எனக்கு மூட்டம்தான் தெரிந்தது. விரல்தான் எனக்குப் படம். பிறகும் பல மாதங்கள் காலையில் வாயைத் திற, வாயைத் திற என்று அவளை அலைக்கழித்தேன். ஒரு நாள் அவளாகவே வந்து வாயைத் திறந்தாள். முரசைக் கிழித்துக்கொண்டு, அரிசி முனை போல வெள்ளையாக, கொஞ்சம் கோணலாக வேட்டைப்பல் நின்றது. விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் ஒரு முறை அசைத்தேன். அவள் கடித்துவிட்டாள். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது தகப்பன் எதையோ சொல்லி அவளைச் சிரிக்க வைத்தார். பழைய பழக்கத்தில் நான் துணியோடு எழும்பினேன். மூக்கால் ஒன்றும் வரவில்லை.

பல்லைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். ஒன்றும் எழுதவில்லை. லண்டனும் சுவிஸும் கும்பிட்ட கைகளை அனுப்பின, அதே கைகள்தான். பிறகு அத்தானிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. எலும்பு வளர்க்கலாம் என்று தான் அப்போதே சொன்னதாகவும், இப்போதாவது எல்லோரும் சயன்சை நம்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மாமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அவன் சொன்னவன்தானே என்று தலையாட்டினார்.

ஓம் அத்தான் என்று எழுதினேன். அழித்தேன். பிறகு எழுதி, யோசிக்க முன்பு அனுப்பிவிட்டேன்:

"பண்டி சுகமாயிருக்கோ அத்தான்?"

பார்த்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. அழித்துவிடலாமா என்று விரல் போனது. இன்னும் அழிக்கவில்லை.